அணிலுக்கு ஏற்ற ஆசனம்

வல்லவனைத் தெரிந்தெடுத்தல் எவர்க்கும் எளிது. ஓட்டத்தில் முந்துபவனை ஓட்டப் பந்தயத்துக்கும், உரத்த குரலுடையவனை மேடைக்கும், கணக்கில் நூறு புள்ளி பெறுபவனைப் பரிசுப் பட்டியலுக்கும் அனுப்பப் பேரறிவு எதுவும் வேண்டியதில்லை. புள்ளிப் பட்டியலை மேலிருந்து கீழாக வாசிக்கத் தெரிந்தவர் யாவரும் அதனைச் செய்துவிடுவர். பட்டியலின் அடியிலே கிடக்கும் ஒரு பெயரைச் சுட்டி, ‘இவனாலன்றிப் பிறரால் ஆகாத கருமம் ஒன்று உண்டு, அக்கருமம் இன்று நமக்கு வேண்டும்’ என்று சொல்லத் துணிவதே அரிது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்ததோடு அமையாது, தெரிந்து வினையாடல் என்றும் ஓர் அதிகாரம் வைத்தது இவ்வருமையை உணர்ந்தே போலும்.

இவ்வாரம் அவ்வுண்மையை, நம் வாசகர்களிற் பலர் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து எடுத்துக் காட்ட விழைகின்றோம். அவ்விடம் பிள்ளைகளின் வீடியோ விளையாட்டு. ‘புத்தகத்தை மூடிவிட்டுப் பொம்மை விலங்குகளைச் சண்டைக்கு விடுகின்றான்’ என்று பெற்றோர் முறையிடுவதை நாம் அடிக்கடி கேட்கின்றோம். பாடநேரத்தை விளையாட்டு விழுங்கலாகாது என்பதில் நமக்கும் இரண்டாவது கருத்து இல்லை. எனினும் ஒரு பொருளை இன்னதென்று அறியாமலே இழித்துரைத்தல் கற்றவர்க்கு அழகன்று. பிள்ளை எதனில் மனத்தைப் பறிகொடுத்தான் என்று ஒரு நாழிகை அவன் அருகில் இருந்து கேட்டறிந்த பின், கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்கலாம். மெச்ச வேண்டியதை மெச்சவும் செய்யலாம்.

போக்கிமொன் என்னும் விளையாட்டு 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி யப்பானிலே வெளிவந்தது. இதனை ஆக்கியது கேம் ஃபிரீக் என்னும் நிறுவனம். இதற்கு வித்திட்டவர் சத்தோஷி தஜிரி என்பவர். சிறுவயதிலே வயல்வெளிகளிற் பூச்சி பிடித்துச் சேர்த்து மகிழ்ந்தவர் அவர். அந்த மகிழ்ச்சியை நகரத்துப் பிள்ளைகளுக்குக் கையடக்கப் பெட்டியொன்றின் உள்ளே வைத்துக் கொடுக்கலாமே என்ற எண்ணத்திற் பிறந்ததே இவ்விளையாட்டு. முதலில் 151 வகையாக இருந்த கற்பனை விலங்குகள் இன்று 1,000க்கு மேற்பட்டுவிட்டன. அவற்றைப் பிடித்து, வளர்த்து, பயிற்றி, மற்றொருவர் வளர்த்த விலங்குகளோடு பொருதச் செய்வதே ஆட்டம்.

பொருதல் என்றதும் கைவிரைவே வேண்டும் என்று நினைத்தல் பிழை. இது சதுரங்கம் போன்ற ஆட்டம். ஆனால் இருவரும் ஒரே வேளையிற் காய் நகர்த்தும் சதுரங்கம். இரு திறத்தாரும் தத்தம் கட்டளையை மறைவாக இட்டபின், இரண்டும் ஒருங்கே நிறைவேறும். எனவே எதிரி என் செய்வான் என்று ஊகித்தலே ஆட்டத்தின் உயிர். உலகப் போட்டியிலே ஒவ்வொருவரும் ஆறு விலங்குகளைக் கொண்டு வருவர். எதிரியின் ஆறையும் பார்த்த பின், தம் ஆறில் நான்கைத் தெரிந்தெடுப்பர். களத்தில் ஒரே வேளையில் இவ்விரண்டு விலங்குகள் நிற்கும். நாம் பேசப்போகும் 2014ஆம் ஆண்டுப் போட்டியில் நால்வரைத் தெரிய 90 விநாடியும், ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டளையிட 45 விநாடியும் தரப்பட்டன.

ஒவ்வொரு விலங்குக்கும் ஆறு வலிகள் உண்டு. உயிர்வலி, தாக்குவலி, காப்புவலி, சிறப்புத் தாக்குவலி, சிறப்புக் காப்புவலி, வேகம் என்பன அவை. உடலால் மோதும் அடியைக் காப்புவலி தாங்கும். நெருப்பு, மின்னல் போன்று தொலைவிலிருந்து எய்யும் அடியைச் சிறப்புக் காப்புவலி தாங்கும். இவை தவிர நீர், நெருப்பு, புல், மின், நிலம் முதலாகப் பதினெட்டு இனங்கள் உள. நீர் நெருப்பை வெல்லும். புல் நீரை வெல்லும். நிலத்தின்மேல் மின் செல்லாது. ஒரு விலங்கு ஒரே வேளையில் நான்கு வித்தைகளை மாத்திரமே மனத்திற் கொள்ளும். ஒரு பொருளை மாத்திரமே கையில் வைத்திருக்கும். பயிற்சிப் புள்ளிகளுக்கும் எல்லை உண்டு. மொத்தம் 510, ஒரு வலிக்கு 252க்கு மேல் ஏறாது. எல்லாவற்றிலும் வல்லவனாக எவனையும் ஆக்கமுடியாது என்பதே இவ்விதியின் உட்பொருள்.

விதி இத்துணைச் சுதந்திரம் தந்தும், போட்டிக்கு வருபவர் பெரும்பாலும் ஒரே வகை விலங்குகளையே கொண்டு வருவது வியப்பன்று. பிறந்தபோதே வாய்த்த ஆறு வலிகளையும் கூட்டினால் கார்சொம்ப் என்னும் நாகத்துக்கு 600 வருகின்றது. 2014இல் களத்தை ஆண்ட கங்கஸ்கான் என்னும் தாய்விலங்கு, மெகா உருவம் எடுத்ததும் தானும் அடித்துத் தன் குட்டியையும் அடிக்கச் செய்யும். ஒரு கட்டளைக்கு இரண்டு அடி. இத்தகையோர் இருக்க வேறு விலங்கை நாடுவானேன் என்று எல்லாரும் எண்ணினர். ஒருவர் வென்ற அணியை மற்றவர் பார்த்தெழுதினர். பரீட்சைக்கு முன் வினாவிடைச் சுருக்கம் கைமாறுவது போல அணிகளும் கைமாறின.

அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் 16ஆம் 17ஆம் திகதிகளில் அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனில் உலகப் போட்டி நடைபெற்றது. மூத்தோர் பிரிவிலே தென் கொரியாவிலிருந்து வந்த சே ஜுன் பார்க் என்னும் இளைஞர், தம் அறுவருள் ஒன்றாக ஓர் அணிலைக் கொண்டுவந்தார். பச்சிரிசு என்பது அதன் பெயர். ரிசு என்றால் யப்பானிய மொழியில் அணில். பச்சிபச்சி என்பது பொறி தெறிக்கும் ஒலியைக் குறிக்கும் சொல், நம் இரட்டைக்கிளவியை ஒத்தது. உயரம் நாற்பது சென்ரிமீற்றர், நிறை நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வெண்மையும் நீலமும் கலந்த உடல். கன்னத்தில் மஞ்சட் பொட்டு. குழந்தைகள் தலையணையருகே வைத்துறங்கும் பொம்மைக்கு ஏற்ற வடிவமேயன்றிப் போர்க்களத்துக்கு ஏற்ற வடிவம் என்று எவரும் சொல்லார். ஆறு வலிகளின் கூட்டுத்தொகை 405. அதிலும் தாக்குவலி 45, சிறப்புத் தாக்குவலியும் 45. அடிக்கத் தெரியாத விலங்கு என்று எல்லாரும் கழித்துவிட்டதில் குற்றம் காணமுடியாது.

அந்த அணிலோடு வந்த பார்க் உலக வீரராகத் திரும்பினார். இறுதியாட்டத்தில் அமெரிக்கரான ஜூடி அசரெல்லியின் ஹைட்ரீகன் என்னும் முத்தலை நாகம் ‘டிராகோ மீட்டியோர்’ என்ற கொடிய அடியை எய்தது. விண்கற்கள் வந்து விழும் அவ்வடியைத் தன்மேல் வாங்கி, விழாமல் நின்றது அணில். கூடியிருந்தவர்கள் ஆரவாரித்தனர். போட்டியிற் பங்குபற்றாத பிள்ளைகளும் இன்றுவரை அக்காட்சியைச் சொல்லி மகிழ்கின்றனர்.

இனி, மாணவ நண்பர்களே, ஆரவாரத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, இது எவ்வாறு இயன்றது என்பதைக் கணக்காசிரியர் போன்று படிப்படியாக ஆராய்வோம்.

பார்க்கின் அணியிலே பேரடி அடிக்க வைத்திருந்த விலங்கு கியாரடோஸ். நீரும் பறவையும் கலந்த இனம் அது. நீருக்கும் மின் பகை. பறவைக்கும் மின் பகை. ஆகவே மின்னடி அதன்மேல் நான்கு மடங்காய் விழும். மெகா உருவம் எடுத்தபின் இனம் மாறினும், மின் இரண்டு மடங்காய்த் தாக்கும். அவ்வணியில் நின்ற டாலன்ஃபிளேம் என்னும் நெருப்புப் பறவைக்கும் மின் பகையே. அந்நாளில் மின்னைக் கையாளும் ரோட்டம் என்னும் விலங்கு பல அணிகளில் இடம்பெற்றிருந்தது. எனவே பார்க்கின் முன் நின்ற வினா இது: ‘மின்னடி வரும்போது கியாரடோஸைக் காப்பது யார்?’ ‘எந்த விலங்கு வல்லது?’ என்று தொடங்காமல் ‘எந்தக் கருமம் முடியவேண்டும்?’ என்று தொடங்கியதிலேதான் அணிலுக்குக் கதவு திறந்தது.

‘ஃபொலோ மீ’ என்றொரு வித்தை உண்டு. ‘என்னைப் பின்தொடர்’ என்று பொருள். அதனைச் செய்த விலங்கின் மேலேயே, அச்சுற்றில் எதிரி ஒருவரைக் குறித்து ஏவும் அடிகள் எல்லாம் திரும்பும். தோழனுக்கு வந்த அம்பைத் தன் மார்பில் ஏற்கும் வித்தை. பச்சிரிசு இதனைத் தானாகக் கற்பதில்லை. தாய் தந்தை வழியே முட்டையிற் பெறவேண்டும். அதனோடு ‘வோல்ட் அப்சோர்ப்’ என்னும் இயல்பும் பச்சிரிசுக்கு வாய்ப்பதுண்டு. அவ்வியல்புடைய விலங்கை மின்னடி நோகச் செய்யாது. மாறாக, அதன் உயிர்வலியில் நாலிலொரு பங்கை மீட்டுக் கொடுக்கும். இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கியாரடோஸைக் கொல்ல எதிரி மின்னலை ஏவுகின்றான். அது அணிலை நோக்கித் திரும்புகின்றது. திரும்பியது அணிலுக்கு நஞ்சாகாமல் மருந்தாகின்றது. எதிரியின் ஒரு சுற்று வீண். அவ்வேளையில் கியாரடோஸ் தன் அடியை இடையூறின்றி முடித்துவிடும்.

தோழனைக் காக்கும் வித்தையுடைய வேறு விலங்குகள் இல்லாமலில்லை. அமூங்கஸ் என்னும் காளான் விலங்கு அக்காலத்தில் இக்கருமத்துக்குப் பேர்போனது. ஆனால் அது தூவும் பொடி புல்லினத்து எதிரியை மயக்காது. மின்னை விழுங்கும் இயல்பும் அதற்கில்லை. கவரும் வித்தையும் மின்னை உண்ணும் இயல்பும் ஓரிடத்துக் கூடியதே அணிலின் தனிச் சிறப்பு. அது பட்டியலில் எழுதப்பட்ட கூட்டுத்தொகையில் தெரியாது. 405 என்ற எண்ணைப் பார்த்தவர் கண்ணுக்கு அகப்படாதது, ‘இவற்றுள் எது எதனோடு சேரும்?’ என்று பார்த்தவர் கண்ணுக்கு அகப்பட்டது.

அடிக்கத் தெரியாத குறையை என் செய்தார் என்று கேட்பீர்கள். தாக்குவலி வேண்டாத வித்தைகளைக் கொடுத்தார். ‘சூப்பர் ஃபாங்’ என்னும் பல்லடி, எதிரியிடம் அவ்வேளை எஞ்சியிருக்கும் உயிர்வலியிற் பாதியைப் பறிக்கும். அடிப்பவன் வலியனா மெலியனா என்று அது பார்ப்பதில்லை. பேருருவப் பகைவனுக்கும் பாதி, சிற்றுருவப் பகைவனுக்கும் பாதி. ‘நஸ்ல்’ என்னும் மற்றொன்று கன்னத்தால் உராய்ந்து மின்பாய்ச்சுவது. அதன் அடி அற்பம். ஆனால் பட்டவன் தவறாமல் வாதமுறுவான். அன்றைய விதிப்படி வாதமுற்ற விலங்கின் வேகம் நாலிலொன்றாகும்; நாலு முறைக்கு ஒருமுறை அது செயலற்று நிற்கவும் கூடும். நான்காவது வித்தை ‘புரொடெக்ட்’. அந்தச் சுற்றில் தன்னைத் தானே மூடிக்காத்துக்கொள்வது. நான்கில் ஒன்றேனும் 45 என்ற அந்த ஏழ்மையான எண்ணை நம்பி நிற்கவில்லை. குறையைத் திருத்தமுடியாவிடின், அக்குறை குறுக்கிடாத வழியைத் தெரிவதே அறிவு.

பயிற்சியிலும் அதே நுட்பம். அணிலின் சிறப்புக் காப்புவலி பிறப்பிலேயே 90. அதற்கு உதவி அவ்வளவாக வேண்டாம். காப்புவலி 70 மாத்திரமே. கங்கஸ்கான் போன்ற உடலடிகாரர் மலிந்த களத்திலே அதுவே ஓட்டை. ஆகவே 510 பயிற்சிப் புள்ளிகளுள் உயிர்வலிக்கு 252, காப்புவலிக்கு 252, சிறப்புக் காப்புவலிக்கு 4 என்று பங்கிட்டார். காப்பைப் பத்திலொரு பங்கு கூட்டும் குணமும் அமைந்த அணிலை வளர்த்தார். அதனால் போட்டிக்குரிய ஐம்பதாம் படியிலே அதன் உயிர்வலி 167, காப்புவலி 134, சிறப்புக் காப்புவலி 111 ஆயின. கையிலே ‘சிட்ரஸ்’ என்னும் பழத்தைக் கொடுத்தார். உயிர்வலி பாதிக்கு இறங்கியதும் அணில் அதனை உண்டு நாலிலொரு பங்கை மீட்கும்.

இப்பொழுது விண்கல் அடியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சிறப்புத் தாக்குவலியை முற்றப் பயிற்றி, வேறு வலுவூட்டும் பொருள் எதுவும் கொடாத ஹைட்ரீகன் அவ்வடியை எய்தால், இத்தகைய அணிலுக்கு 118 முதல் 139 வரை சேதமுண்டாகும். 167இற் கழித்தால் எஞ்சுவது 28க்குக் குறையாது. உடனே பழத்தை உண்ண 41 மீளும். எய்தவனுக்கோ அவ்வடியின் விளைவாகவே சிறப்புத் தாக்குவலி பாதியாகும். பகைவன் தன் தலைசிறந்த அம்பை ஓர் அணில்மேற் செலவிட்டு, வில்லையும் வளைத்துக்கொண்டான் என்பதே கண்ட பலன். பார்த்தோர்க்கு அற்புதமாகத் தோன்றியது, வீட்டிலிருந்து கூட்டிக் கழித்துப் பார்த்தவர்க்கு எதிர்பார்த்த விடையேயாகும்.

கிரிக்கெட் அறிந்த வாசகர்க்கு ஓர் உவமை கூறுவோம். மாலை மங்கும் வேளையில் விக்கெட் ஒன்று விழுந்தால், அணித் தலைவர் தம் சிறந்த துடுப்பாட்டக்காரரை உடனே அனுப்பாமல், பந்துவீச்சாளர் ஒருவரை ‘நைட் வாட்ச்மன்’ ஆக அனுப்புவதுண்டு. அவர் நூறு ஓட்டம் எடுப்பார் என்று எவரும் எதிர்பாரார். எஞ்சிய சில ஓவர்களைத் தம் உடம்பால் தடுத்து, மறுநாட் காலையில் வல்லவர் தெளிந்த வெளிச்சத்தில் ஆடுவதற்கு இடம்செய்து கொடுப்பதே அவர் தொழில். அவருடைய சராசரியைக் கொண்டு அத்தொழிலை அளப்பது எவ்வளவு பேதைமை! அணிலின் தொழிலும் இதுவே.

சேது கட்டிய காலத்தில் மணல் சுமந்த அணிலின் கதை நம் பிள்ளைகள் யாவரும் அறிந்தது. ஆயினும் இவ்விரண்டு அணில்களையும் ஒன்றாக எண்ணலாகாது. அந்த அணில் கொணர்ந்த மணல் இல்லாவிடினும் அணை எழுந்திருக்கும். அங்கே போற்றப்படுவது அதன் அன்பு. இந்த அணில் இல்லாவிடின் பார்க்கின் அணி அந்த அணியாகவே இருந்திராது. இங்கே போற்றப்படுவது அதன் பயன். ஆரவாரத்திடையே பலர் இதனைக் காணத் தவறினர். ‘மெலிந்த பிராணிக்கு இரங்கி இடம்கொடுத்தார், இரக்கம் வென்றது’ என்று கொண்டாடினர். இரக்கத்தாற் கொடுத்த இடமன்று அது. தகுதியாற் பெற்ற ஆசனம்.

இவ்வேறுபாட்டை உணராமையால் விளைந்த கேட்டையும் சொல்லவேண்டும். வெற்றிச் செய்தி பரவியதும் பச்சிரிசுக்குப் பெரும் புகழ் உண்டாயிற்று. அணிலை மாத்திரம் எடுத்துத் தம் அணியிற் செருகிவிட்டால் வெற்றி வரும் என்று நம்புபவனுக்கு என்ன கிடைக்கும்? அவன் அணியில் மின்னுக்கு அஞ்சும் பேரடிகாரன் இல்லை என்று கொள்வோம். அப்போது அணில் காப்பது யாரை? முன்னே எல்லாரும் கங்கஸ்கானைப் பார்த்தெழுதினார்கள்; இவன் அணிலைப் பார்த்தெழுதுகின்றான். பார்த்தெழுதும் தாள் மாறியதேயன்றிப் பார்த்தெழுதும் பழக்கம் மாறவில்லை. பிறர் எடுக்காததை எடுத்தேன் என்று மார்தட்டுவதற்காக அரிய விலங்கை எடுப்பதும் அத்தகையதே. அருமை ஒரு தகுதியன்று. எல்லாரும் ஒதுக்கிய பொருள்களிற் பெரும்பாலானவை ஒதுக்கத் தக்கனவாகவே இருக்கும். அவற்றினிடையே ஒதுக்கத் தகாத ஒன்றைக் காண்பதற்கே உழைப்பு வேண்டும்.

அரிய விலங்கு ஒன்றிற்கு மற்றோர் ஊதியமும் உண்டு. அஃது எதிரியின் அறியாமை. கங்கஸ்கான் என் செய்யும் என்று எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தனர். அணிலைக் கண்டதும், ‘இது எதற்கு? எத்தனை அடி தாங்கும்?’ என்று எண்ணுவதற்கே எதிரியின் விநாடிகள் கரைந்திருக்கும். ஆனால் இந்த ஊதியத்தைப் பெரிதாக நம்புதல் கூடாது. அன்று ஒவ்வொருவரின் வித்தைகளும் கைப்பொருளும் எதிரிக்கு மறைவாயிருந்தன. இப்பொழுது உத்தியோகபூர்வமான போட்டிகளிலே அவற்றைப் பட்டியலாக எழுதி ஒருவருக்கொருவர் காட்டும் வழக்கம் வந்துவிட்டது. வியப்பு ஒருமுறை வெல்லும். பொருத்தம் பலமுறை வெல்லும். இரகசியம் வெளிப்பட்ட பின்னும் பயன்படுகின்றதா என்று பார்ப்பதே நல்ல யுக்திக்கு உரைகல்.

அணிலுக்கு எல்லைகளும் உண்டு; அவற்றை மறைத்தல் நேர்மையன்று. ஒருவரைக் குறியாமல் இருவரையும் சேர்த்தடிக்கும் நிலநடுக்கம், கல்மாரி போன்ற அடிகளை அது தன்பால் திருப்பமுடியாது. நிலத்தடி அதற்கே இருமடங்கு பகை. நிலத்தினத்து விலங்கினிடம் அதன் மின்னுராய்வு பலிக்காது. பேயினத்தினிடம் பல்லடி பலிக்காது. கங்கஸ்கான் வல்ல ‘ஃபேக் அவுட்’ என்னும் திடுக்கிடச் செய்யும் அடி, அணில் தன் வித்தையைத் தொடங்குமுன்னே விழுந்து அதனைத் தடுத்துவிடும். இவ்வோட்டைகளை அடைக்க மற்றையோர் வேண்டும். பறவையினமாய் நிற்கும் வரை கியாரடோஸை நிலநடுக்கம் தீண்டாது. எதிரியை அச்சுறுத்தி அவனது தாக்குவலியைக் குறைக்கும் இயல்பும் கியாரடோஸ் இனத்துக்கு வாய்ப்பதுண்டு. அக்குறைவால் இலாபமடைவது அருகில் நிற்கும் அணிலே. அணில் கியாரடோஸை மின்னிலிருந்து காக்க, கியாரடோஸ் அணிலை உடலடியிலிருந்து காக்கின்றது. கொடுப்பவன் ஒருவன் கொள்பவன் ஒருவன் என்று இராமல், இருவரும் கொடுத்துக் கொள்ளும் இவ்வுறவையே அணி என்னும் சொல் குறிக்கின்றது. மெலிந்தவனைக் களத்திற் கொண்டுபோய்த் தனியே விடுதல் வாய்ப்பளித்தல் ஆகாது.

இதனைச் சொல்லும்போது எமது மனம் வகுப்பறையை நோக்கிச் செல்வது இயல்பே. கல்லூரிகளில் விவாத அணி தெரியும் முறையைப் பாருங்கள். நல்ல குரலுடைய நால்வரைத் தெரிந்து அனுப்புவர். நால்வரும் இறுதிப் பேச்சாளனாக விரும்புவர். நால்வரும் தம் பேச்சை மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டிருப்பர். எதிரணியார் சொன்னதைச் செவிகொடுத்துக் கேட்டு, இன்ன இடத்தில் இன்ன முரண் என்று குறித்துக் கொடுப்பார் ஒருவரும் இரார். பின்வரிசையிலே வாய்திறவாது இருந்து, ஆசிரியர் சென்ற வாரம் கூறியதற்கும் இன்று கூறியதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொப்பியின் ஓரத்திற் குறித்துவைத்திருக்கும் மாணவன் ஒருவன் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றான். அவனை மேடையேற்றிப் பேசச் சொன்னால் நாக்குழறுவான். அவனுக்கு அது 45. ஆனால் எதிரியின் சொல்லைப் பிடித்து நிறுத்தும் கருமத்துக்கு அவனை விட்டால் ஆளில்லை. புள்ளிப் பட்டியலின் கூட்டுத்தொகை அவனை ஒருநாளும் நமக்குக் காட்டித்தராது. கருமத்தை முதலில் வரையறுத்து, அதன்பின் ஆளைத் தேடினாலன்றி அவன் அகப்படான்.

பெற்றோர்க்கும் இதிற் பங்குண்டு. மூத்தவன் மருத்துவபீடம் சென்றான் என்று இளையவனையும் அவ்வழியே தள்ளுதல், அணிலுக்குத் தாக்குவலிப் பயிற்சி கொடுத்தலை ஒக்கும். 510 புள்ளிகளையும் அங்கே கொட்டினும் அது கார்சொம்ப் ஆகாது. தனக்கு வாய்த்த சிறப்பையும் இழந்து நிற்கும். பிள்ளைகளின் உழைப்புக்கும் ஆண்டுகளுக்கும் அவ்விளையாட்டிற் போல எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் எதை வளர்த்தால் அவன் பிறர்க்கு இன்றியமையாதவன் ஆவான் என்று அறிந்து வளர்ப்பதே பொறுப்பு. இதற்குப் பிள்ளையைக் கவனித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும்; அயல்வீட்டுப் பிள்ளையைப் பார்த்தெழுதுதல் போதாது.

விளையாடும் மாணவர்க்கும் ஒன்று சொல்வோம். அணிலைக் கொண்டுவந்தவர் வெல்லுமுன் எத்தனை அணிகளைக் கலைத்துக் கட்டியிருப்பார், எத்தனை அடிகளைக் கணக்கிட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். நாலிலொன்று, பாதி, இருமடங்கு, நிகழ்தகவு என்று உங்கள் கணிதப் புத்தகத்தில் அச்சிட்டுக் கிடப்பனவே அங்கும் ஆட்சி செய்கின்றன. விளையாட்டிலே கணக்குப் பார்த்துவிட்டுக் கணக்குப் பாடத்தை வெறுப்பவன், மாம்பழத்தை உண்டு மாமரத்தை வெட்டுபவன். கணிக்கத் தெரிந்தவனுக்கு இரண்டும் ஒரே கலை.

அடுத்த முறை உங்கள் பிள்ளை பெட்டியோடு அமர்ந்திருக்கும்போது, ‘இன்னும் முடியவில்லையா?’ என்று கேட்குமுன், ‘உன் ஆறு பேரில் மெலிந்தவன் யார்? அவனை ஏன் வைத்திருக்கின்றாய்?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ‘அழகாயிருக்கின்றது’ என்பானாயின், இக்கட்டுரையை வாசிக்கக் கொடுங்கள். ‘மற்றவனுக்கு வரும் அடியை இவன் தாங்குவான்’ என்று காரணத்தோடு விடை சொல்வானாயின், ஆட்களைத் தெரியும் அறிவின் முதற்பாடத்தை அவன் கற்றுவிட்டான் என்று மகிழலாம். அதன்பின் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள், மறுக்கமாட்டான்.